ஆநிரைக்கு ஓர் உயிர்: ஹோமரின் களமும் பாலாற்று நடுகல்லும்

ஆம்பூரின் பழைய பெயர் ஆமையூர். படுவூர்க் கோட்டத்து மேல் அடையாறு நாட்டில் இருந்த ஊர் அது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நுளம்பனின் படை இந்த ஊர் மாடுகளை ஓட்டிப்போக வந்தது. பிருதிகங்கரையர் என்ற தலைவரின் சேவகர் கூட்டத்து வீரர்கள் எதிர்த்து நின்று மடிந்தார்கள். அவர்களுக்காக நட்ட இரண்டு கற்களின் எழுத்தை ஹூல்ஷ் என்ற ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் படித்து, எபிகிராஃபியா இண்டிகாவின் நான்காம் தொகுதியில் வெளியிட்டார். அன்று இந்த ஊரின் செல்வம் உயிருள்ள மாடு. இன்று அதன் தோல்.

கிரேக்கக் காவியங்களைப் பற்றித் தமிழில் பேச்சு வந்தால் ராமாயணத்தையும் மகாபாரதத்தையும்தான் பக்கத்தில் வைப்போம். ஹெலனுக்குச் சீதை, அக்கிலிசுக்குக் கர்ணன் என்று இணை சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் ஹோமரின் இலியட்டுக்கு அவற்றைவிட நெருங்கிய சொந்தம் பாலாற்றங்கரையிலும் ஜவ்வாது மலையடியிலும் நிற்கும் நடுகற்கள்தான். ஊருக்காக ஒருவன் செத்தால் ஊர் அவனுக்கு என்ன கொடுக்கிறது, கொடுப்பது போதுமா என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. ஹோமர் அது போதாது என்று சந்தேகப்படுகிறார். நடுகல் சந்தேகப்படுவதில்லை, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் ஒன்று பார்க்கத் தவறியது மற்றதில் தெரிகிறது.

மாடுதான் முதல் காரணம்

டிராய் போருக்குக் காரணம் ஹெலன் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இலியட்டின் முதல் பகுதியிலேயே அக்கிலிஸ் வேறு கணக்குச் சொல்கிறான். டிராய்க்காரர்கள் என் மாடுகளையோ குதிரைகளையோ ஓட்டிப்போனதில்லை, என் வயலை அழித்ததில்லை, அவர்களோடு எனக்கு என்ன பகை என்று கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானைப் பார்த்துக் கேட்கிறான். மாடு பிடித்தால் போர் நியாயம் என்பது அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத சங்கதி. பதினொன்றாம் பகுதியில் கிழவன் நெஸ்டர் தன் வாலிபத்தின் முதல் வீரச்செயலை அசைபோடுகிறான். எலிஸ் நாட்டிலிருந்து 50 மாட்டு மந்தைகள், அதே அளவு ஆடுகள், பன்றிகள், 150 பெண் குதிரைகள் ஓட்டி வந்த கதை அது. பதினெட்டாம் பகுதியில் அக்கிலிசின் புதுக் கேடயத்தில் தெய்வக் கொல்லன் செதுக்கும் போர்க் காட்சியிலும் மாடுகள் வருகின்றன: குழல் ஊதியபடி மந்தையோடு வரும் இடையர்களை ஆற்றோரத்தில் பதுங்கியிருந்தவர்கள் வெட்டிச் சாய்க்கிறார்கள்.

தமிழ் மரபு இதை இலக்கணமாகவே ஆக்கிவிட்டது. தொல்காப்பியத்தின் புறத்திணையியல் ஆநிரை கவரும் வெட்சியில்தான் தொடங்குகிறது. 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழுவினர் கண்டெடுத்த தமிழ் பிராமி நடுகல்லும் கூடலூரில் நடந்த ஆகோள் என்னும் மாடுபிடி சண்டையில் விழுந்த ஒருவனுடையதுதான். ஆம்பூர் கற்களுக்கும் அதற்கும் இடையே ஓராயிரம் ஆண்டு இடைவெளி இருந்தும் சாவுக்கான காரணம் மாறவில்லை. குடியாத்தத்தை அடுத்த கீழ்முட்டுகூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல் ஒன்று, பெருமானடிகள் கவர்ந்த மாடுகளை மீட்டுச் செத்த வீரனைப் பேசுகிறது. ஊர் மீட்டுக்கொண்ட பொருள் மாடு. அதற்குக் கொடுத்த விலை ஓர் ஆள்.

கவர்ந்தவன் வாயும் காத்தவன் கல்லும்

நெஸ்டர் கதையில் இட்டிமோனியஸ் என்று ஒருவன் வருகிறான். எலிஸ்காரன். தன் மாடுகளைக் காக்க முன்னால் வந்து நின்றவனை நெஸ்டரின் ஈட்டி வீழ்த்துகிறது. கூட இருந்த நாட்டுப்புறத்து ஆட்கள் சிதறி ஓடுகிறார்கள். இட்டிமோனியசைப் பற்றி நமக்குத் தெரிவது அவ்வளவுதான், அதுவும் கொன்றவன் வாய் வழியாக. கீழ்முட்டுகூரிலும் ஆமையூரிலும் விழுந்தவர்கள் செய்ததைத்தான் அவனும் செய்தான். பாலாற்றங்கரையில் பிறந்திருந்தால் அவனுக்குக் கல் நட்டிருப்பார்கள். டிராய்க் கரையில் நெஸ்டரின் கூடாரத்தில் அவன் ஒரு கிழவனின் பெருமைக் கதைக்குள் சிக்கிக்கொண்டான்.

இந்த வேறுபாடு தற்செயலானதல்ல. ஏழாம் பகுதியில் டிராய் இளவரசன் ஹெக்டர் கிரேக்கர்களைத் தனிப்போருக்கு அழைக்கிறான். தோற்றவனின் உடலைத் திருப்பித் தருவேன், கடலோரத்தில் அவனுக்கு மேடு எழுப்பிக்கொள்ளுங்கள் என்கிறான். எதற்காக? பின்னாளில் அவ்வழியே கப்பலில் போகிறவன் அதைப் பார்த்து, இது ஹெக்டர் கொன்ற வீரனின் சமாதி என்று சொல்லுவான், என் புகழ் அழியாது என்று கணக்குப் போடுகிறான். செத்தவன் சமாதியில் கொன்றவன் பெயர் விளங்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஆமையூர்க் கல்லில் இது தலைகீழ். எதிரி அங்கே நுளம்பனின் படை, அவ்வளவே. ஈட்டி எறிந்தவன் யார், வாள் வீசியவன் யார் என்று கல் கவலைப்படவில்லை. செத்தவனுக்குப் பெயர் உண்டு, தகப்பன் பெயர் உண்டு, தலைவன் பெயர் உண்டு, ஊர் உண்டு.

செங்கம் வட்டாரம் இன்னும் ஒரு படி போகிறது. எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல் இருக்கிறது. கருந்தேவகத்தி என்ற இளமகன் எருமைகளை மீட்கும் சண்டையில் விழுந்தான் என்பது ஒரு பக்கத்துச் செய்தி. அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று அதற்கும் தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ஒடிசியிலும் ஒரு நாய் உண்டு. இருபது ஆண்டு கழித்து வந்த எஜமானைக் கண்டு வாலாட்டிச் சாகும் ஆர்கோஸ், படிப்பவரின் கண்ணீரை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. கோவிவன் வாங்கியது கண்ணீரல்ல, மரியாதை.

அகில உலகத்துக்கும் சமத்துவம் போதித்த கற்கள் இவை என்று நான் சொல்ல வரவில்லை. முதலில் அரசன் பெயர், பிறகு சிற்றரசன், அவன் மருமக்கள், அதற்குப் பிறகுதான் செத்தவன். வரிசை கெடவே கெடாது. ஆனாலும் அந்த வரிசையின் கடைசியில் சேவகனுக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. இலியட்டின் இரண்டாம் பகுதியில் தெர்சைட்டீஸ் என்ற சாமானியன் எழுந்து, கொள்ளையெல்லாம் அகமெம்னானுக்கு, சாவு எங்களுக்கா என்று கேட்கிறான். ஒடிசியஸ் செங்கோலால் அவன் முதுகில் போடுகிறான். சுற்றி நிற்கும் படை சிரிக்கிறது.

மானத்துக்குக் கூலி

ஹோமரின் வீரர்களுக்கு மானம் மனசுக்குள் இருக்கும் சங்கதியல்ல. அது கண்ணுக்குத் தெரிய வேண்டும்: கொள்ளையில் பங்கு, விருந்தில் நல்ல கறி, சபையில் ஆசனம். பன்னிரண்டாம் பகுதியில் லிசியாவின் சார்ப்பிடான் தன் தோழனிடம் இதை ஒளிவு மறைவில்லாமல் பேசுகிறான். நம் ஊரில் நமக்கு முதல் இருக்கையும் நிறைந்த கிண்ணமும் ஆற்றோரத்து நல்ல நிலமும் தருகிறார்களே, அதனால் முன்வரிசையில் நாம்தான் நிற்க வேண்டும் என்கிறான். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்வது இதைத்தான். சாவே இல்லாத வாழ்வு கிடைக்குமென்றால் நானும் போக மாட்டேன், உன்னையும் போகச் சொல்ல மாட்டேன், எப்படியும் சாகத்தானே போகிறோம் என்று அவன் சேர்த்துக்கொள்வதில் ஒரு நேர்மை இருக்கிறது.

இந்த ஏற்பாடு முறியும் இடத்தில்தான் இலியட் தொடங்குகிறது. படைத்தலைவன் அகமெம்னான், அக்கிலிசுக்குப் பங்காகக் கொடுத்த பிரிசேயிசைப் பிடுங்கிக்கொள்கிறான். பரிசாகப் பங்கு போடப்பட்டவள் ஒரு பெண் என்பது அந்த மானத்தின் இன்னொரு பக்கம். களத்தில் கிரேக்கர்கள் சாய ஆரம்பித்ததும் சமாதானத் தூது வருகிறது: ஏழு முக்காலிகள், பத்துத் தாலந்து பொன், இருபது கொப்பரைகள், பன்னிரண்டு குதிரைகள், பெண்கள், ஏழு ஊர்கள். அக்கிலிஸ் மறுக்கிறான். மாட்டையும் ஆட்டையும் கொள்ளையடித்துக் கொண்டுவரலாம், முக்காலியையும் குதிரையையும் சம்பாதிக்கலாம், பற்களின் வேலியைத் தாண்டிப் போன உயிரை எந்தக் கொள்ளையும் கொண்டுவராது என்கிறான். வீரயுகத்தின் மிகப் பெரிய வீரனே வீரயுகத்தின் கணக்கைக் கிழித்துப் போடும் இடம் இது. பிறகு நண்பன் பட்ரோக்ளஸ் செத்ததும் அவன் களத்துக்குத் திரும்புவது பரிசுக்காக அல்ல, துக்கத்தால். ஒடிசியில் பாதாளத்தில் நிழலாக இருக்கும்போது, செத்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட நிலமில்லாத ஒருவனிடம் கூலி வேலை செய்வது மேல் என்கிறான்.

நம் வட்டாரத்துக் கற்களில் இந்த முணுமுணுப்பு கேட்பதில்லை. அங்கே பதில் வேறு வழியில் வருகிறது. களத்தில் விழுந்தவன் குடும்பத்துக்கு நிலம் விடுவது தமிழகத்தில் வழக்கமாக இருந்தது. உதிரப்பட்டி, நெத்தோர்பட்டி என்று கல்வெட்டுகள் அந்த நிலங்களைக் குறிக்கின்றன. உயிருக்கு ஈடு இல்லை என்ற அக்கிலிசின் வாதத்தை அந்த நிலம் மறுக்கவில்லை. ஆனால் செத்தவனின் பிள்ளைகள் நாளைக்கு எதைச் சாப்பிடுவார்கள் என்பது அக்கிலிஸ் கேட்காத கேள்வி. ஊர் அதைக் கேட்டது.

தோல் வேலை தெரிந்த கவிஞர்கள்

பட்ரோக்ளசின் பிணத்துக்காக இரு படைகளும் மல்லுக்கட்டும் இடம் பதினேழாம் பகுதி. அங்கே ஹோமர் சட்டென்று ஒரு பதனிடும் களத்தைக் காட்டுகிறார். கொழுப்பில் ஊறிய பெரிய எருதுத் தோலை ஒருவன் தன் ஆட்களிடம் கொடுக்கிறான். அவர்கள் வட்டமாக நின்று நாலாபுறமும் இழுக்கிறார்கள். இழுக்க இழுக்க ஈரம் வெளியேறுகிறது, கொழுப்பு உள்ளே இறங்குகிறது, தோல் ஒரே சீராக விரிகிறது. அப்படித்தான் சின்ன இடத்தில் இரு தரப்பும் அந்த உடலை இழுத்தார்கள் என்கிறார். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் வேலை தெரிந்த எவருக்கும் இதற்கு உரை தேவையில்லை. ஈரம் போய் எண்ணெய் ஏறாத தோல் காய்ந்து விறைத்து வெடிக்கும். இன்று அந்த வேலையைச் சுழலும் டிரம்மும் தோலை இழுத்து மாட்டும் சட்டமும் செய்கின்றன. செய்முறையின் தத்துவம் ஹோமர் பார்த்ததுதான். இன்னொரு இடத்தில், அயாக்சின் ஏழடுக்கு எருதுத் தோல் கேடயத்தைச் செய்த துய்க்கியசைப் பெயர் சொல்லி, தோல் வெட்டுபவர்களில் சிறந்தவன் என்று பாராட்டுகிறார்.

புறநானூற்றிலும் இதற்கு இணை உண்டு. 82-ஆம் பாட்டில் சாத்தந்தையார், சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளியின் மற்போர் வேகத்தைச் சொல்ல ஒரு தோல் தொழிலாளியைக் கூப்பிடுகிறார். ஊரில் திருவிழா வந்துவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி, மழை கொட்டுகிறது, பொழுதும் சாய்கிறது. கட்டிலுக்கு வார் பின்னுகிறவன் கையில் ஊசி எவ்வளவு விரைவாக ஓடும்! உலகத்தின் எந்தக் காவியத்துக்கும் குறையாத உவமை. ஆனால் அந்தப் பாட்டு அவனைத் தாழ்ந்தவனாகச் சுட்டிவிட்டுத்தான் உள்ளே விடுகிறது. துய்க்கியசுக்குக் கிடைத்த பெயர் அவனுக்குக் கிடைக்கவில்லை. 288-ஆம் பாட்டு, போரில் வென்ற எருதின் தோலை மயிர் சீவாமல் போர்த்த முரசைப் பாடுகிறது. அதைப் போர்த்திய கைகளைப் பற்றிப் பேச்சில்லை. சேவகனுக்கும் நாய்க்கும் எழுத்து வெட்டிக் கொடுத்த மரபு, முரசுக்குத் தோல் கட்டியவனை உவமையோடு நிறுத்திக்கொண்டது. நடுகல் மரபைப் புகழும்போது இந்தக் குறையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆய்வாளர்கள் எங்கே நிற்கிறார்கள்

கிரேக்கத்தையும் சங்கத் தமிழையும் முறையாகப் பக்கத்தில் வைத்தவர் ஈழத்து அறிஞர் க. கைலாசபதி. பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சனிடம் செய்த ஆய்வு, 1968-ல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக, தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூலாக வந்தது. யுகோஸ்லாவியப் பாணர்களைக் கேட்டு மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் ஹோமரின் வாய்மொழி மரபை விளக்கிய முறையை அவர் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தினார். திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் பாணர் வாயில் பிறந்தவை என்றார். மறுப்பும் வந்தது. 2001-ல் ஹெர்மன் டீக்கன், இவை பிற்காலத்துப் புலவர்கள் பழங்காலத்தைக் கற்பனை செய்து எழுதியவை என்று வாதிட்டார். அவருடைய காலக் கணிப்பைப் பலர் ஏற்கவில்லை.

இந்த வழக்கில் கற்கள் நல்ல சாட்சி. செங்கம் நடுகற்களை 1970-களின் தொடக்கத்தில் இரா. நாகசாமி தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறை நூலாக்கியது. தொல்குடிகள் வேளிராகி அரசியல் வளர்ந்த விதத்தை அந்தக் கற்களை வைத்தே ர. பூங்குன்றன் ஆராய்ந்தார். பாட்டைப் புலவர் கற்பனையால் எழுதியிருக்கலாம். மாடு பிடி சண்டையில் செத்தவனுக்கு ஊரார் கல் நட்டதைக் கற்பனை என்று தள்ள முடியாது. ஆனால் கைலாசபதியின் ஒப்பீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. ஹோமர் பாடியது நெடுங்கதை. சுமார் 15,700 அடிகளில் ஒரு சில வாரங்களின் கோபம். நமக்கு இருப்பதோ தனித்தனிப் பாட்டுகளும் நாலு வரிக் கல்வெட்டுகளும். நெடுங்கதைக்குள் வீரன் தன் மனதை மாற்றிக்கொள்ள இடமிருக்கிறது, கல்லில் அதற்கு இடமில்லை. அக்கிலிசின் சந்தேகம் கிரேக்கருக்கே உரிய மேன்மை என்று முடிவு கட்டுவதற்கு முன், அவனுக்குப் பேச இருபத்து நாலு பகுதிகள் கிடைத்தன என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

எதிரியின் கண்ணீர்

ஹோமரிடம் நம் கற்கள் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. அவருடைய டிராய்க்காரர்கள் கெட்டவர்கள் அல்ல. ஹெக்டரின் தலைக்கவசத்துக் குதிரைமயிரைக் கண்டு அவன் குழந்தை வீறிடுவதும், அவன் மனைவி ஆண்ட்ரோமக்கே கண்ணீரினூடே சிரிப்பதும் எதிரி வீட்டுக்குள் நடப்பவை. கடைசிப் பகுதியில் மகன் ஹெக்டரின் பிணத்தைக் கேட்டுக் கிழவன் பிரியம், அவனைக் கொன்ற அக்கிலிசின் கையையே முத்தமிடுகிறான். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள், ஒருவன் மகனுக்கு, மற்றவன் தகப்பனுக்கும் நண்பனுக்கும். 1940-ல், பிரான்ஸ் விழுந்த சமயத்தில், பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் இலியட்டின் உண்மையான நாயகன் பலவந்தமே என்று எழுதினார். வென்றவனையும் தோற்றவனையும் அது ஒரே மாதிரிப் பொருளாக்கிவிடுகிறது என்றார்.

புறநானூற்றுத் தாய்மார் அப்படி அழுவதில்லை. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாட்டில் ஒரு முதியவள், மகன் புறமுதுகிட்டான் என்ற பேச்சு பொய்யா என்று பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள். ஒக்கூர் மாசாத்தியார் பாட்டில் தகப்பனையும் கணவனையும் இழந்தவள் ஒரே மகனுக்கும் வேல் கொடுத்து அனுப்புகிறாள். மேடைகளில் கைதட்டு வாங்கும் இந்தப் பாட்டுகளை ஆண்ட்ரோமக்கேக்குப் பக்கத்தில் வைத்தால், மானத்தின் சுமையை யார் தலையில் ஏற்றியிருக்கிறார்கள் என்பது தெரியும். சிலப்பதிகாரத்தில் இளங்கோ ஒருவர்தான் அந்த மரபைத் திருப்பினார். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல் என்று போர்வீரனுக்குரிய சடங்கு முழுவதையும், அரசனின் தவற்றைச் சபையில் கேட்ட ஒரு பெண்ணுக்குச் செய்தார்.

துப்பாக்கி வந்த பிறகு

ஆம்பூருக்கு ஒரு பெரும்போரும் உண்டு. 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன்கான் இங்கே சந்தா சாகிப், முசாபர் ஜங், பிரெஞ்சுப் படை மூவரையும் எதிர்கொண்டார். முதியவரான நவாப் யானைமேலிருந்து சந்தா சாகிபை நோக்கிப் போனார். ஹெக்டரும் அக்கிலிசும் போல நேருக்கு நேர் மோத அவருக்கு வாய்க்கவில்லை. துப்பாக்கிக் குண்டு ஒன்று நெஞ்சில் பாய்ந்தது. பின்னர் அவர் மகன் முகமது அலி வாலாஜாவின் ஆதரவில் அப்ஜதி என்ற புலவர் அன்வர்நாமா என்ற பாரசீகக் காவியத்தைப் பாடினார். தனிப்போர் செத்த பிறகும் அதைப் பாடும் ஆசை சாகவில்லை.

1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டைப் புரட்சி இலியட்டின் முதல் பகுதிக்கு இன்னும் பக்கத்தில் நிற்கிறது. சண்டை வெளி எதிரியோடு அல்ல, தன் படைத்தலைமையோடு. நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு. மறுத்தவர்களுக்குக் கசையடி. அந்தத் தோல் எந்த மிருகத்தினுடையது என்ற சந்தேகம் இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இருவர் மானத்தையும் ஒருசேரச் சுட்டது. திப்புவின் பிள்ளைகள் கோட்டைக்குள் சிறையிருந்ததும் நெருப்புக்கு எண்ணெய். ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கினார். ஆளுநர் பென்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள், தலைப்பாகை உத்தரவும் போயிற்று.

முதல் உலகப் போர் வந்தபோது மரியாதையின் வடிவமே மாறிவிட்டது. வேலூர் மணிக்கூண்டுக் கல் இங்கிருந்து 277 பேர் போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எண்ணில் சொல்கிறது. கருந்தேவகத்திக்கும் அவன் நாய்க்கும் பெயர் வெட்டிய நாட்டில் பதினான்கு பேர் ஒரு தொகையானார்கள். எவன் மாட்டை மீட்க, எவன் ஊரைக் காக்க அவர்கள் போனார்கள் என்று அந்தக் கல்லைக் கேட்டால், அக்கிலிஸ் அகமெம்னானிடம் கேட்டதற்கு என்ன பதில் கிடைத்ததோ அதுதான் கிடைக்கும்.

எந்த மரபு உயர்ந்தது என்று பட்டிமன்றம் வைப்பதில் பயனில்லை. போரில் செத்தவனை ஒரு சமூகம் எப்படி மதிக்கிறது என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். அவன் பெயரைச் சொல்கிறதா? அவன் வீட்டுக்குச் சோறு போடுகிறதா? அந்தச் சாவு தேவைதானா என்று கேட்கவும், எதிரி வீட்டில் அழுபவரைப் பார்க்கவும் அதற்குத் துணிவிருக்கிறதா? முதல் இரண்டுக்கும் வடஆர்க்காட்டு நடுகற்கள் ஹோமரைவிட நல்ல பதில் வைத்திருக்கின்றன. மூன்றாவதற்கு ஹோமரிடம்தான் போக வேண்டும். வேடியப்பன் என்று பெயர் சூட்டிக் கிராமங்கள் இன்றும் கும்பிடும் கற்களும், வேலூர்க் கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களும் வரலாற்று வகுப்புக்கு மட்டும் உரியவை என்று ஒதுக்கிவிட்டோம்; இலியட்டை இலக்கிய வகுப்புக்கு அனுப்பிவிட்டோம். இரண்டையும் ஒரே வகுப்பில் சேர்த்துப் படித்த பிள்ளைதான், அடுத்த போருக்கு யாராவது மேடை போட்டுப் பேசும்போது மூன்று கேள்விகளையும் தவறாமல் கேட்கும்.